ஒரே நாள்ல பத்து ஃபால்ஸ் வேண்டாம், ஒரு ஆத்தைப் பிடிச்சு நடங்க

அமெரிக்கால வட கரோலினா மாநிலத்துல, சார்லட்ல இருக்கற நம்ம ஆளுங்க யார்கிட்ட பேசினாலும் பிரெவார்ட் பக்கம் ஒரு தடவையாவது போயிட்டு வந்திருப்பாங்க. எப்படி இருந்துச்சுன்னு கேட்டா பதில் கிட்டத்தட்ட ஒண்ணுதான், காலைல கிளம்பினோம், லுக்கிங் கிளாஸ் ஃபால்ஸ்ல இறங்கி ஃபோட்டோ எடுத்தோம், ஸ்லைடிங் ராக்ல பசங்க சறுக்கினாங்க, டூபாண்ட்ல ஒண்ணு, போற வழில இன்னொண்ணு, ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்தாச்சு, மொத்தம் ஆறு ஃபால்ஸ் கவர் பண்ணிட்டோம்னு. எனக்கு இந்த "கவர் பண்ணிட்டோம்" கேட்டாலே வருத்தமா இருக்கும். ஏன்னா அந்த மலையில இருக்கற அருவி எதுவும் தனியா ஒரு ஸ்பாட் கிடையாது, ஒவ்வொண்ணும் ஒரு ஆத்துல ஒரு இடம், அந்த ஆத்தோடவே ரெண்டு மூணு மைல் நடந்தாத்தான் அது ஏன் அங்க விழுது, எங்க இருந்து வருது, கீழ எங்க போகுதுன்னு புரியும். பல வருஷமா எல்லா சீசன்லயும் போயிட்டு வர்றவன்ங்கற உரிமையில இதை எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஊர் பேரு டிரான்ஸில்வேனியா கவுண்டி, கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ருமேனியால இருக்கறது வேற, இது வட கரோலினாவோட மேற்கு மலைல, தென் கரோலினா எல்லையை ஒட்டி இருக்கு. சார்லட்ல இருந்து ரெண்டரை மணி நேர டிரைவ். ஜனத்தொகை 33,000 பக்கம்தான், பிரெவார்ட்தான் தலைநகர், அதுவும் நம்ம ஊர் சின்ன டவுன் அளவுதான் இருக்கும். ஆனா இந்த ஒரு கவுண்டிக்குள்ள மட்டும் 250-க்கு மேல அருவி இருக்கு.

ஏன் இங்க மட்டும் இவ்வளவுன்னு கேட்டா, நான் தென்காசிக்காரன், எனக்கு இது சட்டுன்னு புரிஞ்சுது. நம்ம பக்கம் ஆனி ஆடியில கடல் காத்து மலைல மோதி, செங்கோட்டைக் கணவாய் வழியா சாரலா இறங்கும், குற்றாலத்துல சீசன் ஆரம்பிக்கும். இங்கயும் நடக்கறது அதே வேலைதான். தென் கரோலினா சமவெளி முடியற இடத்துல மலை திடீர்னு சுவரு மாதிரி எழும்புது, சில மைல் தூரத்துக்குள்ள 2,000 அடி ஏறிடும், இதை புளூ ரிட்ஜ் எஸ்கார்ப்மென்ட்னு சொல்வாங்க. மெக்ஸிகோ வளைகுடாவுல இருந்தும் அட்லாண்டிக்ல இருந்தும் வர்ற ஈரக்காத்து இந்தச் சுவத்துல மோதி மேல ஏறி, குளுந்து, மழையா கொட்டுது. கவுண்டியோட மேற்குப் பகுதியில வருஷத்துக்கு 80 அங்குலத்துக்கு மேல மழை. கவுண்டியோட தாழ்ந்த இடம் சுமார் 1,000 அடி, உசந்த இடம் 6,000 அடிக்கு மேல, நடுவுல கெட்டியான பாறை. அவ்வளவு தண்ணியும் அந்த உசரத்துல இருந்து எப்படியாவது இறங்கித்தான ஆகணும், அதான் அருவி.

முதல்ல லிட்டில் ரிவர்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா குடும்பத்தோட முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான். டூபாண்ட் ஸ்டேட் ரிக்ரியேஷனல் ஃபாரஸ்ட்ல, ஹூக்கர் ஃபால்ஸ் பார்க்கிங்ல வண்டியப் போட்டுட்டு இறங்குங்க. அங்க இருந்து கீழ்ப்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தா ஹூக்கர் ஃபால்ஸ், வெறும் 12 அடிதான், ஆனா ஆத்தோட முழு அகலத்துக்கும் விழும், கீழ பெரிய கசம், அதாவது தண்ணி தேங்கி நிக்கற ஆழமான இடம். திரும்பி வந்து பாலத்தைத் தாண்டி ஆத்தோட எதிர்த் திசையில நடந்தா டிரிப்பிள் ஃபால்ஸ், 120 அடி, மூணு படியா இறங்குது. பக்கவாட்டுல மரப்படி இருக்கு, இறங்கிப் போனா ரெண்டாவது படிக்கும் மூணாவது படிக்கும் நடுவுல ஒரு பெரிய தட்டைப் பாறைல நிக்கலாம், மேல பார்த்தா ரெண்டு அருவி, காலுக்குக் கீழ இன்னொண்ணு சத்தம் மட்டும் கேக்கும். அங்க இருந்து மேல ஏறினா ஹை ஃபால்ஸ், 150 அடி, செங்குத்தா விழாம ஒரு சரிவுப் பாறை மேல பரவி வழிஞ்சு வரும். மூணையும் பார்த்துட்டுத் திரும்ப 3 மைலுக்கு முன்னப்பின்ன ஆகும், ஏத்தம் கொஞ்சம் இருக்கு, ஆனா பாதை அகலமானது, எங்கம்மா முட்டி வலியோட மெதுவா உக்காந்து உக்காந்து முடிச்சுட்டாங்க.

இப்படிக் கீழ இருந்து மேல போறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன். நிறைய பேரு ஹை ஃபால்ஸ்ல ஆரம்பிச்சு இறங்கி வருவாங்க, கால் வலிக்காது, சரிதான், ஆனா கீழ இருந்து போகும்போது ஒவ்வொரு வளைவுலயும் சத்தம் கூடிக்கிட்டே போகும், அருவி கண்ணுல படறதுக்கு முன்னாடியே காத்து ஈரமாயிடும், முகத்துல தெரியும். நேரம் இருந்தா ஹை ஃபால்ஸுக்கு மேல இருக்கற மூடு பாலம் வரைக்கும் போங்க. கூரை போட்ட மரப்பாலம், அழகா இருக்கு, எல்லாரும் ஃபோட்டோ எடுக்கறாங்க, ஆனா அது அங்க ஏன் இருக்குன்னு தெரிஞ்சவங்க குறைவு.

டூபாண்ட் கம்பெனி அங்க எக்ஸ்ரே ஃபிலிம் தயாரிக்கற ஃபேக்டரி வெச்சிருந்தாங்க, சுத்தி இருந்த காடு முழுக்க அவங்க சொத்து. 1990-கள்ல அந்தத் தொழிலை வித்துட்டாங்க, காட்டுல பெரும்பகுதியை மாநில அரசு வாங்கிச்சு, அதான் இன்னைக்கு ஃபாரஸ்ட். ஆனா ஃபேக்டரியைச் சுத்தி இருந்த 2,200 ஏக்கர் மட்டும் தனியா நின்னுடுச்சு, பாருங்க, டிரிப்பிள் ஃபால்ஸ், ஹை ஃபால்ஸ், பிரைடல் வெய்ல் ஃபால்ஸ் எல்லாம் அந்த 2,200 ஏக்கருக்குள்ளதான் இருக்கு. 1999-ல அதை ஒரு டெவலப்பர் வாங்கிட்டாரு. கேட் போட்ட பங்களா காலனி கட்டற திட்டம். ரோடு போட ஆரம்பிச்சாங்க, அந்த மூடு பாலமும் அப்போ அந்த ரோட்டுக்காகக் கட்டினதுதான். உள்ளூர் மக்கள் விடல, கடுதாசி எழுதினாங்க, கூட்டம் போட்டாங்க, கடைசியில 2000 அக்டோபர்ல கவர்னர் ஜிம் ஹன்ட் இருந்தப்போ மாநில அரசு பொது நன்மைக்காகன்னு சட்டப்படி அந்த நிலத்தைக் கையகப்படுத்திடுச்சு, நஷ்ட ஈடா 24 மில்லியன் டாலர் குடுத்தாங்க. இன்னைக்கு நாம பார்க்கிங் காசு கூடக் குடுக்காம உள்ள நடந்து போறோம்.

இது எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கு அந்தப் பாலத்துல ரொம்ப நேரம் நின்னேன். இன்னும் கொஞ்ச மாசம் தாமதமாயிருந்தா ஹை ஃபால்ஸ் யாரோ ஒருத்தர் வீட்டு பால்கனியில இருந்து தெரியற காட்சியா போயிருக்கும், நாம கேட்டுக்கு வெளிய நின்னு சத்தம் மட்டும் கேட்டிருப்போம்.

மிகைப்படுத்திச் சொல்றேன்னு நினைக்காதீங்க, அதே கவுண்டியில இதுக்கு நேர் உதாரணம் இருக்கு. மேற்கால, லேக் டாக்ஸவேக்கு அப்பால ஹார்ஸ்பாஸ்சர் ரிவர்னு ஒண்ணு. கோர்ஜஸ் ஸ்டேட் பார்க் வழியாத்தான் அங்க நடக்கற பாதை ஆரம்பிக்குது. 1.5 மைல் ஒரு வழி, முதல்ல இறக்கம், அப்புறம் ஆத்தோட சேர்ந்து ஏத்தம், திரும்பி வரும்போது அந்த இறக்கமே ஏத்தமா நிக்கும்ங்கறதை மனசுல வெச்சுக்கோங்க. அங்க ரெயின்போ ஃபால்ஸ், 150 அடி. இந்தக் கவுண்டியில எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு கேட்டா யோசிக்காம இதைத்தான் சொல்வேன். தண்ணி நிறைய இருக்கற நாள்ல அருவி கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி இருந்தே திவலை காத்துல வந்து நம்மள நனைச்சிடும், பாதையோரப் புல்லு எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கிடக்கும், வெயில் சரியான கோணத்துல வந்தா வானவில் அருவியோட அடியில நிஜமாவே நிக்கும், நாம ரெண்டடி நகர்ந்தா அதுவும் நகரும். கேமரா லென்ஸைத் துடைச்சுக்கிட்டே இருக்கணும், கடைசியில நான் ஃபோனை பையில போட்டுட்டு சும்மா பார்த்துக்கிட்டே நிப்பேன்.

அங்க இருந்து இன்னும் கொஞ்சம் மேல போனா டர்ட்டில்பேக் ஃபால்ஸ், 20 அடி. அதுக்கும் மேல டிரிஃப்ட் ஃபால்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆனா அங்க போக முடியாது, தனியார் நிலம், போர்டு வெச்சிருக்காங்க, ஒரு காலத்துல ஜனங்க சறுக்கி விளையாடின இடம். பாதை அந்த போர்டுகிட்ட முடிஞ்சிடுது. அதே ஆறு, அதே பாறை, போர்டுக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் சொந்தம், அந்தப் பக்கம் கிடையாது.

இந்தப் பக்கம் தப்பிச்சதும் தானா நடக்கல. 1980-கள்ல இந்த ஆத்துத் தண்ணிய குழாய்ல திருப்பி விட்டு மின்சாரம் எடுக்க ஒரு திட்டம் வந்துச்சு. வந்திருந்தா அருவியில சொட்டு சொட்டாத்தான் விழுந்திருக்கும். இங்க இருந்த சாதாரண ஜனங்க சேர்ந்து எதிர்த்து நின்னாங்க, 1986-ல அமெரிக்க காங்கிரஸ் இந்த ஆத்துல 4.2 மைல் நீளத்தை தேசிய அளவுல பாதுகாக்கப்பட்ட நதின்னு அறிவிச்சுது, அணையோ திருப்பமோ இனி கட்ட முடியாது. கோர்ஜஸ் ஸ்டேட் பார்க்கும் 1999-ல வந்ததுதான், மின் கம்பெனிகிட்ட இருந்த பெரிய பள்ளத்தாக்கு நிலத்தை மாநிலம் வாங்கி ஆரம்பிச்சது.

லேக் டாக்ஸவே பேரைச் சொன்னதால இதையும் சொல்லிடறேன். அது 1900-கள் ஆரம்பத்துல பணக்காரங்க கோடைக்கு வந்து தங்கறதுக்காகக் கட்டின செயற்கை ஏரி. 1916 ஆகஸ்ட்ல பேய்மழை பெஞ்சு அணை உடைஞ்சு மொத்தத் தண்ணியும் பள்ளத்தாக்குல பாஞ்சு தென் கரோலினா பக்கம் இறங்கிடுச்சு, மறுபடி அணை கட்ட 1960 வரைக்கும் ஆச்சு. ஹைவே 64-ல போகும்போது டாக்ஸவே ஃபால்ஸ் மேலயே ரோடு போகும், அங்க மொட்டையா தெரியற பாறை முழுக்க அந்த வெள்ளம் மண்ணை வழிச்சு எடுத்த இடம்தான். மலையில தண்ணி என்ன செய்யும்ங்கறதுக்கு அதைவிட சாட்சி வேண்டாம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் வந்துச்சு. மேற்கு வட கரோலினா முழுக்க எவ்வளவு உயிர், எவ்வளவு வீடு. இந்தக் கவுண்டியிலயும் ஆறு கரையை உடைச்சு, காட்டுல மரம் கொத்துக் கொத்தா வேரோட சாஞ்சு, சின்னப் பாலமெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு. ரொம்ப டிரெயில் திறந்தாச்சு, ஆனா எது மூடியிருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடி வனத்துறை வெப்சைட்ல கண்டிப்பா பாருங்க, பழைய பதிவுகளை நம்பிப் போகாதீங்க.

சரி, இனி எல்லாரும் போற பக்கத்துக்கு வரேன், பிஸ்கா நேஷனல் ஃபாரஸ்ட். பிரெவார்ட் தாண்டி ஹைவே 276-ல திரும்பினா டேவிட்சன் ரிவரும் லுக்கிங் கிளாஸ் கிரீக்கும் ரோட்டோடவே வரும். லுக்கிங் கிளாஸ் ஃபால்ஸ் 60 அடி, காரை விட்டு இறங்கினாலே தெரியும், படி இறங்கினா கிட்டயே போயிடலாம். அப்பா விசாவுல வந்திருந்தப்போ முதல்ல இங்கதான் கூட்டிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு நின்னு பார்த்தாரு, சுத்தி இருக்கறவங்களைப் பார்த்தாரு, அப்புறம், "ஏலே, இம்புட்டுத் தண்ணி விழுது, ஒரு பய தலைய நனைக்கலையே"ன்னாரு. குற்றாலத்துல எண்ணெய் தேச்சுக்கிட்டு அருவிக்குள்ள தலையக் குடுத்தே வளந்தவருக்கு அது தாங்கல. நான் விளக்கிச் சொன்னேன், இங்க கம்பி கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது, மேல இருந்து கட்டையும் கல்லும் சேர்ந்து வரும், இது நிக்கற அருவி இல்லப்பான்னு. பேசாம கரையோரம் போயி ரெண்டு கையால அள்ளித் தலையில ஊத்திக்கிட்டாரு. அன்னைக்கு மத்தியானம் கீழ டேவிட்சன் ரிவர் பிக்னிக் ஏரியாவுல ஆறு மெதுவா, முட்டி ஆழத்துல போற இடம் பார்த்து உக்கார வெச்சேன், துண்டைக் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் எழுந்திரிக்கல, பல்லு தந்தியடிச்சாலும் எழுந்திரிக்கல. மலைத்தண்ணி, ஆகஸ்ட்லயும் சில்லுன்னுதான் இருக்கும்.

லுக்கிங் கிளாஸ்ல இருந்து ஒரு மைல் மேல போனா மூர் கோவ் டிரெயில். 0.7 மைல்தான், சின்னப் பசங்க கூட நடந்துடுவாங்க. 50 அடி அருவி, தண்ணி கம்மி, ஆனா பாறை முன்னாடி துருத்திக்கிட்டு இருக்கறதால அருவிக்குப் பின்னாடி போயி நிக்கலாம். மழை நாள்ல ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்துல உக்காந்து கூரைத்தண்ணி ஒழுகறதைப் பார்ப்போமே, அதே நிம்மதி. மழை இல்லாத செப்டம்பர்ல போனா ஏமாத்தமா இருக்கும், ஏப்ரல்ல போங்க, பாதை ஓரமெல்லாம் டிரில்லியம் பூ மூணு மூணு இதழோட பூத்துக் கிடக்கும். ஸ்லைடிங் ராக் பத்தி நிறைய சொல்ல வேண்டாம், 60 அடி இயற்கையான சறுக்குப் பாறை, ஆளுக்கு 5 டாலர், கோடைல சனி ஞாயிறு கூட்டம் தாங்காது, காலைல 9 மணிக்கே போயிடுங்க.

நடக்கப் பிடிச்சவங்களுக்கு இந்தப் பக்கம் லுக்கிங் கிளாஸ் ராக். 3.1 மைல் ஒரு வழி, 1,700 அடி ஏத்தம், உச்சி 3,969 அடி. பாதை வளைஞ்சு வளைஞ்சு காட்டுக்குள்ளயே போகும், ரொம்ப நேரம் ஒண்ணுமே தெரியாது, கடைசியில மரம் விலகினதும் சரிவான கிரானைட் பாறை மேல வந்து நிப்போம், எதிர்ல புளூ ரிட்ஜ் மலை வரிசை. தடுப்பு கிடையாது, பாறை போகப்போகச் சரிவு கூடும், ஈரமா இருந்தா மேலயே உக்காந்துக்கோங்க. ஜனவரியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்தப் பாறையோட சில பக்கத்துல பொரி வல்லூறு கூடு கட்டறதால பாறை ஏறறவங்களுக்கு அங்க அனுமதி கிடையாது, நடக்கறவங்களுக்குப் பிரச்சனை இல்ல.

இந்தக் காட்டைப் பார்த்தா ஆதிகாலத்துல இருந்து இப்படியே இருக்குன்னு தோணும். அப்படி இல்ல. ஜார்ஜ் வாண்டர்பில்ட், ஆஷ்வில்ல பில்ட்மோர் மாளிகை கட்டினாரே அவருதான், இந்த மலையெல்லாம் வாங்கி வெச்சிருந்தாரு. வெட்டி அழிச்ச காட்டை மறுபடி வளர்க்க முடியுமான்னு பார்க்க வனவியல் நிபுணர் கிஃபர்ட் பின்ஷோவைக் கூப்பிட்டாரு, அப்புறம் ஜெர்மனில இருந்து கார்ல் ஷென்க். ஷென்க் 1898-ல அமெரிக்காவோட முதல் வனவியல் பள்ளியை இங்கதான் ஆரம்பிச்சாரு, கிரேடில் ஆஃப் ஃபாரஸ்ட்ரின்னு இப்போ மியூசியமா இருக்கு. 1914-ல வாண்டர்பில்ட் இறந்துட்டாரு, அவரு மனைவி ஈடித் அந்த வருஷமே சுமார் 87,000 ஏக்கரை ஏக்கருக்கு 5 டாலர்ங்கற விலைக்கு அரசாங்கத்துக்குக் குடுத்துட்டாங்க. 1916-ல அது பிஸ்கா நேஷனல் ஃபாரஸ்ட் ஆச்சு. அதனால இன்னைக்கு நீங்க நடக்கற காட்டுல ரொம்ப மரம் நூறு வருஷத்துக்கு உள்ள வளந்ததுதான்.

ஆத்தோரமா மெதுவா நடந்தா மட்டும்தான் தெரியற சில விஷயம் இருக்கு. பாதையோட ரெண்டு பக்கமும் ரோடோடென்ட்ரான் புதர் தலைக்கு மேல மூடி இருக்கும், ஜூலையில வெள்ளையா பூக்கும், பூ விழுந்து ஓடைத்தண்ணியில மிதந்து வரும். அதோட இலையை குளிர்காலத்துல பாருங்க, குளிர் கூடக்கூட இலை கீழ தொங்கி நீளவாக்குல சுருண்டுக்கும், ரொம்ப உறைபனின்னா விரல் தடிமனுக்கு இறுகிடும், வெயில் ஏறினதும் மறுபடி விரியும். உள்ளூர்ல காலைல அதைப் பார்த்தே இன்னைக்கு எவ்வளவு குளிர்னு சொல்றவங்க உண்டு. ஹெம்லாக் மரம் நிறைய செத்து சாம்பல் நிறத்துல நிக்கும், ஆசியால இருந்து வந்த ஒரு பூச்சிதான் காரணம், உயிரோட இருக்கற மரத்தோட சின்னக் கிளையைத் திருப்பிப் பார்த்தீங்கன்னா ஊசியிலை அடியில வரிசையா வெள்ளைப் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும், அந்தப் பஞ்சுக்குள்ளதான் பூச்சி இருக்கு, சாறை உறிஞ்சிக்கிட்டே இருக்கும்.

அப்புறம் சாலமாண்டர். உலகத்துலயே சாலமாண்டர் வகை அதிகமா இருக்கற மலை இது. நிறைய வகைக்கு நுரையீரலே கிடையாது, ஈரத்தோல் வழியாத்தான் மூச்சு விடுது, அதனாலதான் எப்பவும் ஈரக்கல்லு அடியில இருக்கு. எம் பொண்ணு ஒரு தடவை மூர் கோவ் பக்கத்துல நனைஞ்ச இலைக்கு அடியில ஒண்ணைப் பார்த்தா, அவ சுண்டு விரல் நீளம், பழுப்பு உடம்பு, தொண்டை மட்டும் படபடன்னு துடிச்சுக்கிட்டிருந்துச்சு. தொடாதேன்னு சொன்னேன், நம்ம கையில சன்ஸ்க்ரீன், கொசு மருந்துன்னு ஏதாவது இருக்கும், அது தோலுக்கு விஷம். இதுக்காகவே ஒரு வேண்டுகோள், ஆத்துல கல்லு மேல கல்லு அடுக்கி கோபுரம் கட்டாதீங்க. பார்க்க அழகா இருக்கலாம், நீங்க எடுக்கற ஒவ்வொரு கல்லும் ஒரு சாலமாண்டருக்கோ ஹெல்பெண்டர்ங்கற ராட்சச சாலமாண்டருக்கோ வீட்டுக் கூரை.

இப்போ சொல்லப் போறதைத் தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. அமெரிக்கால அருவியிலயும் ஏரியிலயும் நம்ம பசங்க, படிக்க வந்தவங்க, வேலைக்கு வந்து ஒரு வருஷம் கூட ஆகாதவங்க, இறந்து போற செய்தி வருஷா வருஷம் வருது. ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப் குரூப்ல உடலை ஊருக்கு அனுப்பப் பணம் சேர்க்கற மெசேஜ் வரும்போது வயித்தைப் பிசையும். நடக்கறது ரெண்டே வழியிலதான். ஒண்ணு, அருவிக்கு மேல்பக்கம் ஆத்துல காலை நனைக்கறது. அங்க தண்ணி கணுக்கால் அளவுதான் இருக்கும், அமைதியா இருக்கும், ஆனா பாறை மேல கண்ணுக்குத் தெரியாத பாசி, ஒரு கால் வழுக்கினா பிடிக்க ஒண்ணும் கிடையாது, தண்ணி அருவி விளிம்புக்குக் கொண்டு போயிடும். டூபாண்ட்ல மேல்பக்கம் இறங்கவே கூடாதுன்னு விதி இருக்கு, விதி இல்லாத இடத்துலயும் இறங்காதீங்க. நான் சொன்னேனே டர்ட்டில்பேக் ஃபால்ஸ், அங்க சறுக்கிக் குதிக்கறவங்களைப் பார்ப்பீங்க, அதுக்குக் கீழ கொஞ்ச தூரத்துலயே 150 அடி ரெயின்போ ஃபால்ஸ் இருக்கு, தண்ணி வேகமா இருக்கற நாள்ல ஆளை அங்க இழுத்துட்டுப் போயிருக்கு, செத்திருக்காங்க. இன்னொண்ணு, கசத்துல குதிக்கறது. மேல இருந்து பார்த்தா ஆழம் மாதிரி தெரியும், அடியில பாறையும் மரக்கட்டையும் கிடக்கும், போன வாரம் இல்லாத கட்டை இந்த வாரம் வந்து சிக்கியிருக்கும். நீச்சல் தெரியும்ங்கறது இதுல உதவாது, விழற தண்ணி அடியிலயே சுத்தி அமுக்கி வெச்சிடும். கோடைல மத்தியானம் இடி மழை வந்தா, நீங்க நிக்கற இடத்துல மழையே இல்லாட்டியும் மேல பெஞ்ச தண்ணி கால் மணி நேரத்துல இறங்கிடும், தண்ணி கலங்கலா மாறினா, சத்தம் மாறினா, பையைக் கூட எடுக்காம கரை ஏறிடுங்க. பிஸ்காவுக்குள்ள நிறைய இடத்துல ஃபோன் சிக்னல் கிடையாது, யாராவது விழுந்தா உதவி கேக்கவே ஒருத்தர் ரோட்டுக்கு ஓடி, அப்புறம் வண்டியில போகணும். மீட்க வர்றவங்கள்ல நிறைய பேரு சம்பளம் இல்லாம வர்ற உள்ளூர் வாலண்டியர்ஸ், நம்மளைத் தூக்க அதே வழுக்குப் பாறைல அவங்களும் இறங்கணும்.

மத்தபடி பயப்பட ஒண்ணும் இல்ல. கருங்கரடி உண்டு, மனுஷ வாடை பட்டாலே ஒதுங்கிடும், நம்ம புளியோதரை டப்பாவை மட்டும் திறந்து வெச்சுட்டுப் போகாதீங்க, மிச்சத்தைக் காட்டுல கொட்டாதீங்க, வாழைப்பழத் தோலைக்கூட பையில போட்டுத் திரும்பக் கொண்டு வாங்க. புல்லுல நடந்தா உண்ணி ஏறும், வீட்டுக்கு வந்ததும் பசங்களோட காது மடல், அக்குள், முட்டிக்குப் பின்னாடி பாருங்க. மூணு இலை சேர்ந்த பாய்சன் ஐவி பட்டா ரெண்டு வாரம் அரிக்கும். ஷூ நல்ல பிடிமானமா இருக்கட்டும், அம்மாமார்களுக்கு ஒரு வாக்கிங் ஸ்டிக் வாங்கிக் குடுங்க, புடவையோட நடக்கறவங்களும் அதை வெச்சு சுகமா நடந்துடறாங்க.

எப்போ போறதுன்னா, நல்ல மழை பெஞ்சு ரெண்டு நாள் விட்டு, வேலை நாள்ல. தண்ணி நிறைய இருக்கும், கலங்கல் தெளிஞ்சிருக்கும், கூட்டம் இருக்காது. அக்டோபர் நடுவுல இலை நிறம் மாறற நேரம் அழகுதான், ஆனா சனிக்கிழமை போனா ஹூக்கர் ஃபால்ஸ் பார்க்கிங்ல இடமே கிடைக்காது, காலை 8 மணிக்கே போயிடணும். மே கடைசி ஜூன் ஆரம்பத்துல டூபாண்ட் காட்டுல புளூ கோஸ்ட்னு ஒரு மின்மினி வரும், விட்டு விட்டு மின்னாது, நீல வெளிச்சத்தோட அணையாம தரைக்கு ஒரு அடி மேல மிதந்து போகும், அந்த சமயத்துல ராத்திரி காட்டுக்குள்ள போக என்ன கட்டுப்பாடு இருக்குன்னு முதல்ல விசாரிச்சுக்கோங்க. எனக்குக் கேட்டா ஜனவரிதான், இலை எல்லாம் கொட்டி மலையோட எலும்பு தெரியும், மத்த நேரத்துல ரோட்டுல இருந்து தெரியாத சின்னச் சின்ன அருவி மரத்துக்கு நடுவுல வெள்ளைக் கோடா தெரியும், பாறை ஓரமெல்லாம் பனிக்கட்டி தொங்கும், அந்தப் பக்கம் நிழல் பாதைல ஐஸ் இருக்கும்ங்கறதால அதுக்கேத்த பிடிப்பு ஷூல மாட்டிக்கணும்.

வைட்வாட்டர் ஃபால்ஸ் பார்க்கணும்னா, 411 அடி, கவுண்டி எல்லையிலயே இருக்கு, தார்ப்பாதையில அரை மைல், தூரத்துல இருந்து பார்க்கற அருவி. கோர்ஜஸ் போற நாள்ல சேர்த்துக்கலாம், ஆனா அதுக்காக ரெயின்போ ஃபால்ஸ்ல அவசரப்படாதீங்க. கோர்ஜஸ் பார்க் கேட்டை சாயங்காலம் பூட்டிடுவாங்க, நேரம் மாசத்துக்கு மாசம் மாறும், நுழையும்போதே போர்டுல பார்த்து வெச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிங்க.